அதுவும் இருக்கலாம் மேடம்

வெள்ளிக்கிழமை நடந்ததை அன்று ராத்திரியே இங்கே புலம்பித் தீர்த்துவிட்டேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எங்கள் வேனில் ஆயில் ஒழுகுகிறதென்று பட்டறையில் இரண்டு தடவை கியர் பாக்ஸை இறக்கி, இரண்டு தடவை பின்பக்க கிராங்க் ஆயில் சீலை (இன்ஜின் தண்டின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றி, இரண்டு தடவையும் அதே ஒழுகல். கடைசியில் நானே இடத்தைக் கண்டுபிடித்து, கெட்டுப்போன பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால், அந்த மெக்கானிக் பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: “அதுவும் இருக்கலாம் மேடம்.”

அதுவும்! அந்த ‘உம்’மைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

யார், எந்தப் பட்டறை என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். சொல்ல மாட்டேன். ஒரு ஆளைப் பற்றிய பதிவு இல்லை இது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆயில் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே எங்கோ கசியும், இன்ஜின் பிளாக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், கடைசியில் எங்கே ஒரு விளிம்பு கிடைக்கிறதோ அங்கே தொங்கிச் சொட்டும். எங்கள் வேனில் அந்த விளிம்பு, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கம். அங்கே ஈரத்தைப் பார்த்த மாத்திரத்தில் “பின் சீல் போச்சு” என்பது, வாசலில் தண்ணீர் நிற்கிறதென்று வாசற்படியைப் பெயர்ப்பது மாதிரி. தொட்டி நிரம்பி வழிகிறதா என்று ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டாமா?

அதற்கு முதலில் துடைக்க வேண்டும். பல வருஷ அழுக்கும் ஆயிலும் அப்பிக் கிடக்கிற இன்ஜினில் எது புதுக் கசிவு, எது பழைய கறை என்று எந்த மேதைக்கும் தெரியாது. துடைத்து, கழுவி, காயவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, ஈரத்தில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கழற்றுவது அதற்கு அப்புறம்.

முதல் தடவை கியர் பாக்ஸை இறக்கியபோது நான் பக்கத்திலேயேதான் நின்றேன். கிளட்ச் பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உலர்ந்த கறுப்புத் தூசி. பெல் ஹவுசிங்கின் உட்புறமும் அப்படியே. பின் சீல் அந்த அளவுக்கு ஒழுகினால், கிளட்ச் உட்காரும் சக்கரமான ஃப்ளைவீலுக்குப் பின்னால் நனைந்திருக்கும், பெரும்பாலும் கிளட்சிலும் தெறித்திருக்கும். இங்கே உள்ளே தூசி, வெளியே ஆயில். “அண்ணே, உள்ளே காய்ஞ்சு கிடக்கே, ஆயில் வெளியிலிருந்துதானே வருது?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சார், இறக்கினது இறக்கியாச்சு, சீலை மாத்திடலாம்” என்றார்.

சாருக்கு ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆர்.சி. புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். பதினோரு வருஷமாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு இந்த வேனை ஓட்டுவது நான். ஒவ்வொரு முறை ஆயில் ஊற்றும்போதும் கிலோமீட்டரோடு நோட்டில் எழுதி வைப்பதும் நான். 600 கிலோமீட்டர் ஓடினால் மேல் கோட்டிலிருந்து கீழ் கோட்டுக்கு இறங்கும், ஏறக்குறைய 1 லிட்டர். ஆனால் ராத்திரி முழுக்க நின்றால் அடியில் போட்ட அட்டையில் நாலைந்து சொட்டுதான். நீளமாக ஓட்டிவிட்டு வரும் நாளில்தான் அட்டை நனையும். இதை மூன்று தடவை சொன்னேன். நோட்டை நீட்டினேன். வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

இதில்தான் விஷயமே இருக்கிறது. கிராங்க் சீல் இருக்கும் இடத்தில் பம்ப் அழுத்தம் கிடையாது, அங்கே தெறிக்கிற ஆயில்தான். ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கெரிந்து எச்சரிக்க வைக்கிற ஆயில் பிரஷர் சுவிட்ச் அப்படி இல்லை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஆனால் பம்ப் தள்ளுகிற அழுத்தம் முழுக்க அதன் முதுகில்தான். சூடான இன்ஜின் வேகமாக ஓடும்போது அந்த அழுத்தம் 3, 4 பார்கூட வரும் (டயரில் காற்று அளக்கிற அதே ‘பார்’). நின்றால் சொட்டு, ஓடினால் லிட்டர் என்றால் அழுத்தம் இருக்கும் இடத்தை அல்லவா முதலில் சந்தேகப்பட வேண்டும்? எங்கள் வண்டியில் அந்தச் சுவிட்ச் பிளாக்கின் பின்பக்கம், பெல் ஹவுசிங்குக்கு நேர் மேலே.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முன் சீட்டைத் தூக்கி, இன்ஜின் மூடியைக் கழற்றி, டீசலும் பிரஷும் வைத்து அரை நாள் தேய்த்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு பிளாக்கின் பின்பக்கம் முழுக்க முகத்துக்குப் போடுகிற பவுடரை ஊதிவிட்டேன். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, கை போகாத இடத்தில் போனை விட்டு வீடியோ எடுத்தேன். வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. சுவிட்சிலிருந்து நேராகக் கீழே. ஒயரை உருவினேன். தொப்பிக்குள் ஆயில் நிறைந்திருந்தது. இழுக்க இழுக்க நூல் மாதிரி நீண்டு, அறுந்து, என் நகத்தின் மேல் விழுந்தது. இந்தச் சொட்டுக்காகவா இரண்டு தடவை கியர் பாக்ஸை இறக்கினார்கள் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

புதுச் சுவிட்ச், ஒரு ஸ்பானர், பத்து நிமிடம். அதற்குப் பிறகு 700 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மேல் கோட்டிலிருந்து அசையவில்லை.

இப்போது வருவார்கள் என்று தெரியும். “மெக்கானிக்குக்குக் கழுவிப் பார்க்க எங்கே நேரம், அதற்கெல்லாம் யார் கூலி தருவது?” நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். நான் தருகிறேன் என்றேனே! கழுவ அரை நாள், கியர் பாக்ஸ் இறக்கி ஏற்ற ஒரு நாள். எதற்கு நேரம் இருந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“கெட்டி ஆயில் ஊற்றியிருக்கலாமே.” ஊற்றினால் கொஞ்சம் மெதுவாக ஒழுகும். அடுத்தது.

“லீக் நிறுத்துகிற மருந்து இருக்கிறதே.” அது ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்யும். உடைந்த சுவிட்சை ஒட்டாது.

“யூடியூப் பார்த்து மெக்கானிக் ஆகிட்டீங்களா?” ஆமாம், பார்த்தேன். பவுடர் யோசனையே அங்கே எடுத்ததுதான். தப்பா? நான் எல்லாம் தெரிந்தவள் என்று சொல்லவில்லை. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடுகிற பிரீதர் பைப் அடைத்துக்கொண்டு, உள்ளே காற்று சேர்ந்து, புதுச் சீலையும் தள்ளுகிறது என்றுதான் ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தேன். கழற்றி ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகிறது. என் கணிப்பு தப்பு. ஆனால் பார்த்துவிட்டுத்தான் தப்பு என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம், இருப்பதிலேயே எரிச்சலானது: “பழைய வண்டி, ஒழுகத்தான் செய்யும். வித்துடுங்க.” வயதானால் ரப்பர் இறுகும், வெடிக்கும், எனக்கும் தெரியும். எந்த ரப்பர்? எந்த இடம்? ‘பழசு’ என்பது ஒரு இடத்தின் பெயரா, ஸ்பானர் வைத்துத் திருக? பார்க்கச் சோம்பல் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். பழசு என்று ஒரு வார்த்தை, மேடம் என்று ஒரு வார்த்தை, இரண்டும் சேர்ந்தால் காது தானாக மூடிக்கொள்ளும் போல.

மரியாதைக்குக் குறைவில்லை, தெரியுமா? ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். ஃபேனைத் திருப்பி வைத்தார். நான் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. என் இடத்தில் ஒரு டிரைவர் தம்பி போய் “அண்ணே, உள்ளே காய்ஞ்சிருக்கு” என்றிருந்தால் அந்த இடத்திலேயே குனிந்து பார்த்திருப்பார். இல்லை என்று யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். சரி, வேண்டாம், சொல்லாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து போன். என் நம்பருக்கு இல்லை, வீட்டுக்காரர் நம்பருக்கு. இவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், வண்டி இப்ப ஒழுகுதா?”

“நான்தான்ணே பேசறேன். ஒழுகல.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“சார் பக்கத்துல இல்லீங்களா மேடம்?”