பில்லர் இருந்தால் போதும் என்பது தவறு
"பில்லர் போட்ட கட்டடத்தில் செங்கல் சுவர் வெறும் அடைப்புதான், கீழ்த்தளத்தைப் பார்க்கிங்குக்குத் திறந்துவிட்டாலும் நிலநடுக்கத்தில் ஒன்றும் ஆகாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி வீடு வாங்காதீர்கள்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் அருகே பூமி அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. பல, இப்படிக் கீழ்த்தளம் திறந்திருந்தவைதான். வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், பில்லர்களுக்கு நடுவே அடைத்த செங்கல் சுவர் விசையை வாங்கத்தான் செய்யும். சுவர் இருக்கும் மேல்தளங்கள் ஒரே பெட்டியாக விறைத்து நகர்கின்றன. வளைவதெல்லாம் கீழே நிற்கும் வெறும் பில்லர்களின் தலையிலும் காலிலும் குவிகிறது. அங்கே நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் முனையை 90 டிகிரியோடு மடக்கி விட்டிருந்தால், மேல் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும், நெடுங்கம்பி பிதுங்கிவிடும். 135 டிகிரி மடக்கி உள்ளே செருக வேண்டும். சைட்டில் பலர் அலட்சியமாக விடுவது இதைத்தான்.

2002-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தர விதி, திறந்த தளத்தின் பில்லர்களையும் பீம்களையும் கணக்கிட்ட நிலநடுக்க விசையைப் போல 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது; அல்லது கட்டடத்தின் இரு திசைகளிலும் சமச்சீராக ஷியர் வால், அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கும் காங்கிரீட் சுவர், வைக்கச் சொன்னது. பார்க்கிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஷியர் வால் அஸ்திவாரம் வரை இறங்குகிறதா என்று ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் பாருங்கள்.