ஏற்றம் இறைத்தாயா?

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் எனக்குக் கட்டபொம்மன் வேடம் போட்டார்கள். அம்மாவின் சிவப்புப் பட்டுப் புடவையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "வானம் பொழிகிறது, பூமி விளைகிறது" என்று ஒரு வாரமாக வீட்டை அதிரவைத்துக்கொண்டிருந்தேன். "ஏற்றம் இறைத்தாயா?" என்ற இடம் வந்தபோது தாத்தா கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, "ஏற்றம்னா என்னன்னு தெரியுமாடா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ஒரு நீண்ட மரத்தைக் காட்டினார். கால் வைத்து நடப்பதற்காக அதில் வெட்டியிருந்த படிகள், மிதிபட்டு மிதிபட்டு நடுவில் குழிந்திருந்தன. அந்த மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடக்க, கிணற்றடியில் நிற்பவர் சால் இறக்கி நீர் மொண்டு ஊற்ற, விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைப்பார்கள் என்றும், எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கு தப்பாமல் இருக்கப் பாட்டுப் பாடுவார்கள் என்றும் சொன்னார். மறுநாள் மேடையில் அந்த வரி வந்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

அன்று பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை. ஒரு வரி மனத்தில் தங்கிவிட்டால், அதை எழுதியவர் யார், எந்த இடத்தில், யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு அமைதி வருவதில்லை. கட்டபொம்மன் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அது கட்டபொம்மனே பேசியது என்று நம்புகிறவர்களை இன்றும் சந்திக்கிறேன். 1798-இல் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனை அவர் சந்தித்தது வரலாறு. ஆனால் நமக்கு மனப்பாடமான சொற்கள் சக்தி கிருஷ்ணசாமி எழுதியவை. 1959-இல் பி. ஆர். பந்துலு படமாக எடுப்பதற்கு முன்பே சிவாஜி நாடக மன்றத்தின் மேடையில் கைதட்டல் வாங்கியவை. படத்துக்காகச் சிவாஜி கணேசனுக்குக் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அந்தக் குரலுக்கு அது தகும். ஆனால் எழுதியவர் பெயரைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவர் சொல்வதே அரிது என்பது எனக்குப் பெரிய மனக்குறை. அந்தக் கேள்விகளின் வரிசையைக் கவனித்துப் பாருங்கள்: வயலில் தொடங்கி, மெல்ல வீட்டுக்குள் நுழைந்து, மஞ்சள் அரைப்பதில் வந்து நிற்கின்றன. உழைப்பிலும் உனக்குப் பங்கில்லை, உறவிலும் உனக்குப் பங்கில்லை, பிறகு எந்த உரிமையில் வரி கேட்கிறாய் என்று படிப்படியாகக் கட்டிய வாதம் அது. வீராவேசம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்தக் கட்டுமானம் கண்ணில் படாது.

எனக்கு மிகப் பிடித்த இன்னொரு வரி, "நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே." 1965-இல் வந்த திருவிளையாடல் படத்தில் நக்கீரராக நின்று இதைச் சொன்னவர் அந்தப் படத்தின் இயக்குநர் ஏ. பி. நாகராஜனே. வரியின் வேர் இன்னும் பழையது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் நக்கீரர் ஒரு படி மேலே போய், சிவனைப் பார்த்தே, உம் உடல் முழுவதும் கண்ணானாலும் நீர் மொழிந்த பாடல் குற்றமே என்கிறார். இதை வெற்றி முழக்கமாக மேடைகளில் சொல்கிறோம். சொன்னவர் அடுத்த கணமே வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார் என்பதை விட்டுவிடுகிறோம். விழப்போகிறோம் என்று தெரிந்தே சொன்ன சொல் என்பதால்தான் அதற்கு அத்தனை எடை.

இதில் நான் வெகுகாலம் கழித்துக் கண்டுகொண்ட ஒன்று உண்டு. சண்டைக்குக் காரணமான அந்தப் பாடல் குறுந்தொகையின் இரண்டாம் பாடல், இறையனார் பெயரில் உள்ளது. தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை நீ அறிந்ததுண்டா என்று தலைவன் தும்பி என்னும் வண்டிடம் கேட்கிறான். கேட்கும்போதே, "காமம் செப்பாது கண்டது மொழிமோ" என்று ஒரு நிபந்தனை வைக்கிறான்: எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். நக்கீரர் செய்தது அதுதானே! எந்தப் பாட்டில் குற்றம் கண்டாரோ, அந்தப் பாட்டு கேட்டபடியே நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். இதை உணர்ந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

காமிக்ஸிலும் இப்படி ஒரு வரி உண்டு. பெரும் ஆற்றலோடு பெரும் பொறுப்பும் சேர்ந்தே வர வேண்டும் என்ற ஸ்பைடர்மேன் வரியை அறியாத இளைஞர் இல்லை. (லயன் காமிக்ஸில் நாம் படித்து வளர்ந்த கூர்மண்டை ஸ்பைடர் வேறு ஆள்.) பென் மாமா சொன்னது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், 2002 திரைப்படத்தில் அவர்தான் சொல்கிறார். ஆனால் 1962-இல் ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் கதையில் அதை எந்தப் பாத்திரமும் பேசவில்லை. தான் பிடிக்காமல் விட்ட திருடனே மாமாவைக் கொன்றவன் என்று தெரிந்துகொண்ட பையன் இருட்டில் தனியாக நடந்து போகும் கடைசிக் கட்டத்தில், கதைசொல்லியின் குரலாக மேலே எழுதப்பட்டிருக்கிறது. அறிவுரையாக வந்திருந்தால் அவன் கேட்டிருக்கலாம், தப்பித்திருக்கலாம். எல்லாம் முடிந்தபின் வருகிறது. அதனால் எனக்கு அந்த முதல் வடிவமே பிடிக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைத்திருப்பது கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடல். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதல் அடியை வரவேற்பு வளைவுகளில் எழுதிவிட்டோம். பாடலில் 13 அடிகள் இருக்கின்றன. கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் நீரின் போக்கிலேயே போகும் தெப்பம் போல உயிர் முறைவழிப் போகிறது என்று கண்டு தெளிந்துவிட்டோம். ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, "சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று முடிகிறது. 'அதனினும்' என்ற அந்த ஒரு சொல்லில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். வியப்பதைவிட இகழ்வது தாழ்ந்தது என்று தராசில் வைத்து நிறுத்துக் காட்டுகிறார்.

எங்கள் ஊர் நூலகத்தின் வெளிச்சுவரில் முதல் அடி மட்டும் நீல எழுத்தில் பெரிதாக இருக்கிறது. சென்ற வாரம் நூலகரிடம் பேசினேன். வெள்ளையடிக்கும்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் மீதி 12 அடிகளுக்கும் அந்தச் சுவரில் இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.