அப்படி ஒரு ஊரே இல்லையாம்

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் (டைஸ் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு) நடந்ததும், அன்றிரவே குழுவில் வந்த ஸ்கிரீன்ஷாட்டும், அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகளும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் பாக்கியவான்கள். "விட்டுத் தள்ளுங்கண்ணா" என்று நாலு பேர் இன்பாக்ஸில் சொன்னார்கள். மூன்று நாள் தள்ளிப் பார்த்தேன். போகமாட்டேன் என்கிறது.

"சோம்பேறி டிஎம்." அதுதான் எங்கள் மேசைக்கு வரும் ஒரு தம்பி போட்ட வார்த்தை. டிஎம் என்றால் டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துகிறவர். நான் தயாரிக்காமல் வந்து உட்கார்ந்து வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறேனாம். ஆதாரம், நான் கதையில் சொன்ன மீனவக் கிராமம் அந்த விளையாட்டு உலகத்துக்கான விக்கியில் இல்லை. விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மேசைக்கடியில் போனை வைத்துத் தேடியிருக்கிறான். "அப்படி ஒரு ஊரே இல்லையே" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அதோடு விட்டானா? "இந்தக் கரையோட தென்பாதியை ஓர்க்குங்க எப்பவோ பிடிச்சாச்சு, நீங்க இன்னும் பழைய கதையையே சொல்றீங்க" என்று வேறு. ஓர்க்கு என்றால் கதையில் வரும் அரக்க இனம்.

சரி. பொறுமையாகவே சொல்கிறேன்.

நாங்கள் ஆடுவது இந்த விளையாட்டுக்காக உருவான கிரேஹாக் என்ற கற்பனை உலகத்தில். அதிலும் 1980இல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுப்பு. 32 பக்கத்தில் ஒரு புத்தகம், டார்லீன் என்ற ஓவியர் வரைந்த இரண்டு பெரிய வரைபடத் தாள்கள். அவ்வளவுதான். ஒரு கண்டத்தின் கிழக்குப் பக்கம் மொத்தத்துக்கும் 32 பக்கம். ஒரு ராஜ்ஜியம் என்றால் யார் ஆள்கிறார், எத்தனை ஜனம், என்ன கிடைக்கும், யாரோடு பகை என்று கொஞ்சம் வரிகள். கதை நிற்கும் ஆண்டு அவர்கள் கணக்கில் 576. ஓர்க்குகள் அந்தக் கரைக்கு வருவதெல்லாம் 1990களின் தொடக்கத்தில் வந்த வெளியீடுகளில். அவர்கள் கணக்கில் 584. எங்கள் மேசையில் இன்னும் 576 ஐப்பசி. எட்டு வருஷம் கழித்து வரப்போகிற படை எப்படித் தம்பி இப்போதே ஊரைப் பிடிக்கும்?

வரைபடத்துக்கு வருவோம். முழுக்க அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் 30 மைல். எழும்பூரில் ரயில் ஏறினால் ஏறத்தாழ சிங்கப்பெருமாள் கோயில் வரைக்கும். இடையில் எத்தனை ஊர், எத்தனை ஏரி, எத்தனை பஞ்சாயத்து என்று எண்ணிக்கொள்ளுங்கள். டார்லீன் வரைந்த படத்தில் பாதிக் கட்டங்களுக்கு மேல் ஒரு பெயர்கூடக் கிடையாது. மரம், மேடு, அலை. அந்த வெற்றிடத்துக்குத்தான் நான் காசு கொடுத்தேன். பழைய புத்தகம், இறக்குமதிச் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆனது என்று வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

இதை ஆரம்பித்தவரே அப்படித்தான் ஆரம்பித்தார். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். 1972இல் கேரி கைகாக்ஸ் ஒரு பாழடைந்த கோட்டைக்குக் கீழே நிலவறை வரைந்து தன் மகனையும் மகளையும் முதலில் உள்ளே இறக்கினார். அப்போது உலகம் என்று தனியாக ஒன்றும் இல்லை. நிலவறைதான் முதலில், நகரம் அப்புறம்தான் வந்தது. வெளியூர் போக வேண்டியிருந்தபோது வட அமெரிக்க வரைபடத்தையே வைத்துச் சமாளித்தார். சிகாகோ இருக்கும் பக்கம் கிரேஹாக் நகரம், மில்வாக்கி இருக்கும் பக்கம் டைவர்ஸ். கடைசியில் அச்சடிக்கக் கேட்டபோதுதான் தாளின் அளவுக்கு ஏற்ற மாதிரி புதிதாக ஒரு நிலம் வந்தது. அவரை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. பேஸ்புக் இல்லாத காலம், பிழைத்தார்.

நான் மட்டும் எடுத்த எடுப்பிலேயே இந்தப் பக்கம் வந்தவன் இல்லை. 2014இல் முதல் கேம்பெயின் (பல வாரம் ஓடும் தொடர்கதை) நடத்தியது ஃபர்காட்டன் ரியல்ம்ஸ் என்ற இன்னொரு கற்பனை உலகத்தில்தான். நாலு மாதம் படித்தேன். நாலு மாதம்! ஆபீஸ் போகும் பஸ்ஸில், மதியச் சாப்பாட்டில், எங்கள் வீட்டுக் கல்யாண மண்டபத்தில்கூட. கட்டுக்கட்டாகக் குறிப்பு. முதல் செஷனில் ஒருத்தி கேட்டாள், "கலங்கரை விளக்கத்துல இருக்கிறவர் பேர் என்ன?" எங்கேயோ படித்திருக்கிறேன் என்று தெரியும். எந்த நோட்டு என்று தெரியவில்லை. பத்து நிமிஷம் புரட்டினேன். டீ ஆறிப்போனது. ஒருவன் எழுந்து போய் பால்கனியில் போன் பேச ஆரம்பித்துவிட்டான். அன்றைக்கு வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருந்தால் ஆட்டம் ஓடியிருக்கும். சொல்லப் பயம். யாராவது "அவர் பேர் அது இல்லையே" என்பார்களோ என்று. அந்தப் பயம் போகத்தான் கிரேஹாக் வந்தேன். பதினோரு வருஷம் கழித்து அந்த வாக்கியத்தையே என் மேசையில், என் டைஸை உருட்டிக்கொண்டே ஒருவன் சொல்கிறான்.

ஆமாம், என் டைஸ். அவனிடம் சொந்தமாக ஒரு டி20, அதாவது இருபது முக டைஸ், கிடையாது. அதை விடுங்கள்.

விவரம் குறைவாக இருப்பது ஒரு வசதி மட்டும் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பிடித்த கரடுமுரடான ஆட்டம் அங்கிருந்துதான் வருகிறது. பந்தம் எத்தனை மிச்சம், கையில் எத்தனை செப்புக்காசு, காயம் சீழ் பிடிக்குமா, சத்திரக்காரன் காட்டிக்கொடுப்பானா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாதவரைதான் பயம் இருக்கும். அந்த 32 பக்கத்தில் இருக்கும் உலகத்தைப் பாருங்கள். கிழக்கே பெரிய சாம்ராஜ்ஜியத்தின் சிம்மாசனத்தில் ஒரு பைத்தியக்காரன். போன் மார்ச் என்ற எல்லைப் பகுதி கைவிட்டுப் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. வடக்கே கொள்ளைக்காரர்களே ஆளுக்கொரு துண்டு நிலத்துக்கு ராஜா. சிறையிலிருந்து தப்பிய ஐயூஸ் என்ற பாதிப் பேய் மறுபடி நாடாள்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, காப்பாற்ற யார் வருவார்கள் என்பதைப் புத்தகம் சொல்லவே இல்லை. பக்கத்து ஊரில் ரியல்ம்ஸின் மகா மந்திரவாதி எல்மின்ஸ்டர் சுங்கான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உலகத்தில் நாலு பொடிப்பயல்கள் எதற்காகக் கிணற்றில் இறங்க வேண்டும்? தாத்தாவுக்கு ஒரு கடுதாசி போட்டால் போதாதா?

உடனே கமெண்டில் வருவீர்கள், தெரியும். "கிரேஹாக்கில் மோர்டன்கைனன் இல்லையா?" இருக்கிறார், அவரும் பெரிய மந்திரவாதிதான். அவர் யாருக்கும் சும்மா உதவுகிற ஆள் இல்லை. அடுத்த கேள்வி.

"ரியல்ம்ஸிலும் இடம் விட்டிருந்தார்களே?" இது நியாயமான கேள்வி. 1987இல் வந்த சாம்பல் நிறப் பெட்டியில் செம்பியா என்ற நாட்டையே டிஎம்களுக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். எட் கிரீன்வுட் சின்னப் பையனாக இருந்தபோதே கட்ட ஆரம்பித்த உலகம் அது; அவர்மீது எனக்கு மரியாதைதான். ஆனால் அதற்கப்புறம் நூற்றுக்கும் மேல் நாவல்கள், பெட்டிகள், கணினி விளையாட்டுகள். 2023க்குப் பிறகு மேசைக்கு வருகிற புதுப் பிள்ளைகள் கணினி விளையாட்டிலேயே ரியல்ம்ஸின் பால்டர்ஸ் கேட் நகரத்தின் தெருவெல்லாம் நடந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் எந்தத் தெருவைச் சொன்னாலும் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டமான ஊரில் பிளாட் பார்ப்பது மாதிரி, எங்கே திரும்பினாலும் யாரோ ஏற்கெனவே சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

"வார்ஹாமர்?" அது வேறொரு விளையாட்டு; 1986இலிருந்து அழுக்குக்கும் சேற்றுக்கும் அதுதான் ராஜா, ஒத்துக்கொள்கிறேன். எலிபிடிக்கிறவனாக ஆட்டம் தொடங்கலாம், கையில் ஒரு சின்ன, ஆனால் வெறிபிடித்த நாய். அந்த நாய்க்காகவே ஆறு மாதம் நடத்தினேன். ஆனால் அந்த சாம்ராஜ்ஜியம் பழைய ஜெர்மனியின் சாயல். எங்கள் மேசையில் ஒரு வரலாறு எம்ஏ உண்டு. முடிந்தது கதை.

"நம்ம சோழர் காலத்தை வைக்கலாமே" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிறீர்கள். வைத்தேன். முதல் செஷனில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஒன்றரை மணிநேரம் சண்டை. உடையார்குடிக் கல்வெட்டு வரைக்கும் போய்விட்டார்கள். யாரும் ஒரு டைஸ்கூட உருட்டவில்லை.

இன்னொருவர், எனக்குப் பிடித்தவர், கொஞ்சம் கனமான கல்லையே எறிந்தார். "கைகாக்ஸே 1979இல் கிரேஹாக்கில் உள்ள ஹாம்லெட் (Hommlet) என்ற கிராமத்தை வீடு வீடாக எழுதினாரே, எந்த விவசாயி எங்கே காசை ஒளித்து வைத்திருக்கிறான் என்பது உட்பட?" உண்மை. இதற்கு இரண்டு நாள் யோசித்தேன். காலடியில் இருக்கும் கிராமத்தை வீடு வீடாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், அடிவானத்தை விட்டுவிடலாம். அப்படித்தான் நானும் செய்கிறேன். என் மீனவக் கிராமத்தில் பதினேழு வீடு. எந்த வீட்டில் உப்புக் கடன், எந்த வீட்டுப் பையன் திரும்பி வரவில்லை என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். சோம்பேறி!

என் அப்பா சர்வேயர். எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளில் போவார். லீவு நாளில் என்னையும் பின்னால் ஏற்றிக்கொள்வார், சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே. படத்தில் வரப்பு, கல், அளவு எல்லாம் இருக்கும். இடத்துக்குப் போனால் கல் இருக்காது. நான் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். "அதுல என்னடா தேடுற? கல்லு எங்க இருக்கணும்னு படம் சொல்லும். புடுங்கினவன் யாருன்னு டீக்கடையிலதான் கேக்கணும்" என்பார். கேட்போம். மூன்று பேர் மூன்று கதை சொல்வார்கள். ஒன்றும் பொருந்தாது. எனக்கு அந்த டீக்கடை நேரம்தான் பிடிக்கும், அளக்கிற நேரம் வெயில்.

நான் மேசையில் நடத்துவது அந்த டீக்கடையைத்தான். மூன்று கதை தருவேன். எது உண்மை என்று எனக்கே முன்கூட்டித் தெரியாது. நீங்கள் எந்தக் கதையின் பின்னால் போகிறீர்களோ அதைப் பொறுத்து முடிவாகும். விக்கியைத் திறக்கும்போது நீ என் பிழையைக் கண்டுபிடிக்கவில்லை தம்பி. உன்னோடு உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாய். அவர்களில் ஒரு பெண் அப்போதுதான் என் கிராமத்து ஆலை எரிந்த இரவைப் பற்றிக் கதையில் வரும் கிழவியிடம் கேட்க ஆரம்பித்திருந்தாள். எட்டு செஷனில் முதல்முறையாகத் தன் கேரக்டரின் குரலில் பேசினாள். நீ குறுக்கே பேசியதும் நிறுத்திவிட்டாள். அப்புறம் அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட்டில் இது வராது.

"பழைய பஞ்சாங்கம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். 2024இல் வந்த புதிய டிஎம் கையேட்டில் மாதிரி உலகமாக எதை வைத்தார்கள் என்று போய்ப் பாருங்கள். கிரேஹாக். புத்தகத்துக்குள் ஒரே ஒரு அத்தியாயம், கூடவே ஒரு வரைபடம், மிச்சத்தை நீயே நிரப்பிக்கொள் என்று. அந்தப் பஞ்சாங்கத்தை அடித்தவர்களுக்கும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிடுங்கள்.

உண்மையில் எனக்குச் சுட்டது விக்கிகூட இல்லை. பதினோரு வருஷம். ஞாயிறு நாலு மணிக்கு யார் வந்தாலும் வராவிட்டாலும் மேசையைத் துடைத்து, நாற்காலிக்கு எதிர்வீட்டில் கேட்டு, சமோசா சொல்லி வைப்பேன். பத்து மணிக்குத் தட்டு கழுவுகிறவனும் நான்தான். யாரும் நன்றி சொல்ல வேண்டாம், நான் கேட்டதும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்புப் பொம்மைகளில் ஆறு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஒருவர் நான் கேம் நடத்தச் சொல்லிக்கொடுத்தவர். அவரும் சிரித்திருக்கிறார். அவர் பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

என் மனைவி இதைப் படித்துவிட்டு, "ஒரு பையன் போன் பார்த்ததுக்கு இவ்வளவா?" என்கிறாள். அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது என்றேன். சாப்பிட்டுவிட்டுச் சொல் என்றாள்.

வரும் ஞாயிறு நாலு மணிக்கு வழக்கம்போல ஆட்டம் உண்டு. போன்கள் வாசலில் உள்ள கூடையில். ஆலையை எரித்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது. தம்பியும் வரலாம், நான் யாரையும் தடுக்கவில்லை. அவனுடைய கேரக்டர் போன வாரம் இறங்கிய கிணற்றுக்குள்தான் இருக்கிறது, இடுப்பளவு தண்ணீரில், பந்தம் அணையும் நேரம். கயிறு மேலே அந்தப் பெண்ணின் கையில்.