மேகமே இல்லாத மதியத்தில் காற்று அமைதியாக இருக்குமா? இருக்காது

"வானம் தெளிவாக இருந்தால் காற்றில் கொந்தளிப்பு இருக்காது, மேகத்துக்குள் போனால்தான் விமானம் குலுங்கும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து பகிராதீர்கள்.

வெயில் தரையைச் சுட வைக்கிறது, தரை தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது, லேசான அந்தக் காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்ப, சுற்றியுள்ள காற்று கீழே இறங்குகிறது. ஒரு துளி மேகம் இல்லாமலே தரையிலிருந்து 1, 2 கிலோமீட்டர் உயரம் வரை இந்தக் கலக்கல் நடக்கும்.

இது வெறும் ஊகம் இல்லை. 1973-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், சமதரையில், 32 மீட்டர் கோபுரத்தில் ஒலி அலைக் காற்றுமானிகளை, அதாவது ஒலியை வைத்துக் காற்றின் வேகத்தை அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள், அதற்கு மேலே கயிறு கட்டிய பெரிய பலூனின் கயிற்றிலேயே கருவிகளைத் தொங்கவிட்டு, 1 கிலோமீட்டருக்கும் மேல் வரை அளந்தார்கள். ஒலி அலைக் காற்றுமானி வேலை செய்யும் விதம் எளிது: காற்றோடு போகும்போது ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போனால் தாமதமாகும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து வேகம் கிடைக்கிறது, அதுவும் நொடிக்குப் பல முறை.

சரி, இரண்டு நிமிடம் அளந்தால் போதுமா? போதாது. ஒரு பெரிய குமிழ் கடந்து போகவே சில நிமிடங்கள் ஆகும், அதனால்தான் அரை மணி, ஒரு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்கிறார்கள்.