சளி என்ன நிறம்?

சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்குத் திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தால் வீட்டில் முதலில் தேடுவது, போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கைத்தான். "நெஞ்சுல இன்ஃபெக்‌ஷன், நாலு மாத்திரை போட்டா அடங்கிடும்." இந்தப் பழக்கத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

கிருமிக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லவில்லை. நோய் இப்படித் திடீரென்று முற்றுவதற்குப் பெரும்பாலும் தொற்றுதான் காரணம். ஆனால் அதில் முன்னால் நிற்பது வைரஸ். அதுவும் ஊரில் எல்லோருக்கும் மூக்கு ஒழுக வைக்கிற ரைனோவைரஸ்! அதன் மேல் எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது.

பாக்டீரியா விஷயம் இன்னும் சிக்கல். இந்த நுரையீரல்களில் ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா போன்றவை நல்லா இருக்கும் நாட்களிலும் குடியிருக்கும். அதனால் சளிப் பரிசோதனையில் கிருமி வளர்ந்தது என்பதற்காக அதுதான் இன்றைய திணறலுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2002இல் சேத்தி என்ற மருத்துவ ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு முடிச்சை அவிழ்த்தது. பழைய கிருமி அப்படியே இருக்க, அதே இனத்தில் உடம்புக்குப் பழக்கமில்லாத புது வகை ஒன்று வந்து சேரும்போது நோய் முற்றும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

சரி, வீட்டில் இருப்பவர் என்ன பார்ப்பது? சளியைத்தான். அருவருப்புப் படாமல், காலையில் ஒரு வெள்ளை டிஷ்யூவில் துப்பச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட் அடியில் நிறம் சரியாகத் தெரியாமல் போகலாம். பச்சை நிறம் கிருமியுடையது அல்ல, அதோடு சண்டை போட வந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். சிலருக்கு எப்போதுமே லேசான மஞ்சள்தான். அவர்களுக்கு வழக்கத்திலிருந்து மாறியதா என்பதுதான் கணக்கு.

மூச்சுத்திணறல் கூடியது, சளியின் அளவு கூடியது, நிறம் மாறியது. 1987இல் ஆன்டனிசன் என்ற மருத்துவரின் ஆய்வுக் குழு சோதித்துப் பார்த்தது இந்த மூன்றையும்தான். மூன்றும் சேர்ந்து இருந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் தெளிவாகப் பலன் தந்தது. ஒன்று மட்டும் இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. ஜலதோஷம் வந்த முதல் வாரம் வெள்ளையாக வந்த சளி, அடுத்த வாரம் பச்சையாகலாம். வைரஸ் கதவைத் திறந்துவிட, பின்னாலேயே பாக்டீரியா பெருகும். அப்போது "இது வெறும் வைரஸ்தான்" என்று உட்கார்ந்திருக்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலோ பேச்சு குழறினாலோ நிறமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

அப்புறம் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி. இரண்டையும் நோயாளி நன்றாக இருக்கும்போதே கேட்டுப் போட்டுவிடுங்கள். அந்த மிச்ச மாத்திரைகளை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.