அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை நடந்த உடல்நல ஆலோசனை நேரலையை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுவதையும் விவரிக்கப் போவதில்லை. மூன்று முறை மாத்திரை சாப்பிட்டும் அரிப்பும் தயிர்த்திரள் போன்ற வெள்ளைப்படுதலும் திரும்பத் திரும்ப வருவதாகச் சொன்ன பெண்ணிடம், "முதலில் சுத்தமாக இருக்கப் பழகும்மா, வீட்டுக்காரரையும் கொஞ்சம் விசாரி" என்று நேரலையில் ஆலோசனை சொன்னவர் சிரித்தபடி சொன்னாரே, அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. தொற்று திரும்ப வந்தால் அது என்ன கிருமி என்று பரிசோதிக்க வேண்டும். அவர் அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அந்தப் பெண் சொன்ன அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் காரணமாகும் கேண்டிடா என்னும் பூஞ்சை, எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களின் உடலிலும் இருப்பதுதான். ஆன்டிபயாடிக் மருந்துகள், கர்ப்பம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஆகியவற்றால் அது பெருகும்போது தொற்றாகிறது. பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. இதைப் பாலுறவால் பரவும் நோயாக மருத்துவம் கருதுவதில்லை. அறிகுறி இல்லாத கணவருக்குச் சிகிச்சையும் தேவையில்லை. அப்படியிருக்க எதை விசாரிக்கச் சொன்னார்?

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட மறுவாரம் எனக்கு இது வந்தது. மருந்துக்கடையில் நின்ற ஆண்கள் கலையும்வரை காத்திருந்து, பூஞ்சைக்கான 150 மில்லிகிராம் புளூகோனசோல் மாத்திரை ஒன்றை வாங்கி வந்தேன். அடங்கியது போலிருந்து மீண்டும் வந்தது. எட்டு மாதத்தில் நான்கு மாத்திரை. இடையில் நான் பார்த்த மருத்துவர் ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உள்ளாடையை வெயிலில் காயப்போடுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு அதே மாத்திரையை எழுதினார். நான் மூன்று வேளை குளிக்கத் தொடங்கினேன். சோப்பால் எரிச்சல் கூடியதுதான் மிச்சம். கடைசியாகப் பார்த்த மகப்பேறு மருத்துவர்தான் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கிருமியை வளர்த்து எந்த வகை என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். கேண்டிடாவிலேயே வேறொரு வகையான கேண்டிடா கிளாப்ராட்டா என்று வந்தது. வழக்கமாகக் காணப்படும் ஆல்பிகன்ஸ் வகை புளூகோனசோலுக்கு எளிதில் அடங்கும்; இது அப்படி அடங்காது. இரவில் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் 600 மில்லிகிராம் போரிக் அமிலக் குளிகை மூன்று வாரத்தில் என்னைக் குணப்படுத்தியது. அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் மருத்துவர் சொல்லாமல் யாரும் வாங்காதீர்கள். ஒரே ஒரு பரிசோதனையைச் செய்ய எட்டு மாதம் யாருக்கும் தோன்றவில்லை.

"அந்த மாத்திரை எல்லோருக்கும் வேலை செய்கிறதே" என்பீர்கள். சாதாரணத் தொற்றில் முழுச் சிகிச்சை எடுப்பவர்களில் 80 முதல் 90 விழுக்காட்டினருக்குக் குணமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் மீதிப் பேர் அசுத்தமானவர்களா? அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஆய்வொன்றில், தாங்களே பூஞ்சை மருந்து வாங்கிய 95 பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. மற்ற பலருக்கு வேறு தொற்று, அல்லது கலப்புத் தொற்று. ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் வருபவர்களுக்கு ஆறு மாதம் வாரம் ஒரு புளூகோனசோல் கொடுக்கிறார்கள். 2004-இல் வெளியான ஆய்வில் அந்த ஆறு மாத முடிவில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் நலமாக இருந்தனர். மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் கழிந்தபோது நலமாக இருந்தவர்கள் ஏறத்தாழ 43 விழுக்காடுதான். சொன்னபடி மருந்தெடுத்தவர்களுக்கே திரும்ப வரும் நோய் இது. இதில் அந்தப் பெண் செய்த குற்றம் என்ன?

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பதை நான் ஏற்கவில்லை; மாதிரி எடுக்க ஒரு நிமிடம் போதும். நீ மருத்துவரா என்று கேட்பவர்களுக்கு, இல்லை, நான் நோயாளியாக இருந்தவள். பொதுவெளியில் இதைப் பேசலாமா என்பவர்களிடம் மட்டும் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிப்ளோசின் மாத்திரையை அவருக்குத் தொடங்கினார்கள். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது அதன் தெரிந்த பக்கவிளைவு. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான்கு மாதம் மறைத்தார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார், பேத்தியை மடியில் வைக்கவில்லை. "இந்த வயதில் இந்த அசிங்கம் எனக்கு ஏன் வந்தது" என்று ஒருநாள் என்னிடம் அழுதார். மருத்துவர் அந்த மாத்திரையை மாற்றி, குளோட்ரிமசோல் என்னும் பூஞ்சை மருந்தைக் கொடுத்த இரண்டே வாரத்தில் சரியானது. அறுபத்திரண்டு வயதில் என் அம்மா தன்னை அழுக்கானவள் என்று நம்பியதற்கு, சிரித்தபடி அறிவுரை சொல்லும் இப்படிப்பட்ட குரல்கள்தான் காரணம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை.

நேரலையில் கேட்ட சகோதரி இதைப் படித்தால், கல்ச்சர் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். அப்போது மாத்திரைக்குப் பதில் ஏழு நாள் உள்ளே வைக்கும் மருந்தைத்தான் கொடுப்பார்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் உடன் வருகிறேன்.