கொரெட்டா குறை சொல்லவில்லை என்றால் கேள்வி முடிந்துவிட்டதா?

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் இந்த மூன்று நாளில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் முழுக்கதையையும் எழுதவில்லை. "படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்கிற புத்தி" என்று எல்லார் முன்னாலும் என்னைச் சொன்ன மூத்த தோழரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவரிடம் நான் நிறையக் கற்றிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நான் கேட்டது ஒரே கேள்வி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம், அவர் மனைவி கொரெட்டாவைப் பற்றி ஏன் இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை? கிங்குக்கு மணவாழ்க்கைக்கு வெளியே இருந்த உறவுகளைப் பற்றி அவருடைய நெருங்கிய நண்பர் ரால்ஃப் அபெர்நாதியே 1989இல் தன் சுயசரிதையில் எழுதிவிட்டார். அது அந்த வீட்டில் இருந்த பெண்ணுக்கு என்ன செய்திருக்கும் என்று நாம் ஏன் யோசிப்பதே இல்லை? இவ்வளவுதான் கேட்டேன். கிங்கை யாரும் கொண்டாடக்கூடாது என்று சொல்லவில்லை. என் மேசைக்கு மேலே இன்றைக்கும் அவர் படம் இருக்கிறது, நாளைக்கும் இருக்கும்.

எட்டிப் பார்த்தவர்கள் யார் என்று எனக்கும் தெரியும், தோழர். 1963 அக்டோபரில் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதி கொடுத்தவர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி. அப்புறம் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, கிங் தங்கிய ஓட்டல் அறைகள் பலவற்றில் ஒலிவாங்கி வைத்தது. 1964 நவம்பரில், நோபல் பரிசு வாங்க அவர் கிளம்ப இருந்த நேரத்தில், ஒரு ஒலிநாடாவையும் பெயர் போடாத கடிதத்தையும் அனுப்பினார்கள். உனக்கு 34 நாள் இருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்துகொள் என்று அதில் இருந்தது. தற்கொலை செய்துகொள்ளச் சொல்கிறார்கள் என்றுதான் கிங் அதைப் புரிந்துகொண்டார். அரசாங்கம் ஒரு மனிதனுக்குச் செய்யக்கூடிய மிகக் கேவலமான வேலை அது. ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தது யார்? 1965 ஜனவரியில், வீட்டில், கொரெட்டா. அந்தக் கதையை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! ஒவ்வொரு முறையும் எஃப்பிஐ கிங்குக்குச் செய்த கொடுமை என்றுதான் சொல்கிறோம். பொட்டலத்தைப் பிரித்த கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நான் சொல்வது ஒன்றுதான். தலைவரின் வீடு இயக்கத்துக்கு வெளியே இல்லை. பேருந்துகளில் கறுப்பினத்தவரைத் தனியாக உட்காரவைத்ததை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1956 ஜனவரி 30 அன்று இரவு, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில் கிங்கின் வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. கிங் அப்போது கூட்டத்தில் இருந்தார். வீட்டுக்குள் இருந்தது கொரெட்டாவும், பிறந்து பத்து வாரமே ஆகியிருந்த மகள் யோலண்டாவும், துணைக்கு வந்திருந்த ஒரு பெண்ணும். இரண்டு பக்கத்து அப்பாக்களும் கிளம்பி வந்து, ஊரை விட்டு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டார்கள். கொரெட்டா போகவில்லை. அன்றைக்கு அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இந்த வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று யாராவது யோசித்திருக்கிறோமா? குண்டு வைத்தவனுக்கு அந்த வீடு இயக்கத்தின் ஒரு பகுதி என்று தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் அது "அந்தரங்கம்".

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன். உட்பெட்டியிலும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

"வெள்ளைக்காரத் தலைவர்களைக் கேட்பீர்களா?" கேட்பேன். 1963 ஆகஸ்டில், கறுப்பின மக்களின் உரிமை கேட்டு நடந்த வாஷிங்டன் பேரணிக்கு இரண்டு வாரம் முன்னால், இனப் பிரிவினையை ஆதரித்த வெள்ளையின செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் செனட்டில் எழுந்து, பேரணியின் அமைப்பாளர் பேயர்ட் ரஸ்டின் ஒழுக்கம் கெட்டவர் என்று பேசினார். ரஸ்டின் தன்பால் ஈர்ப்பு கொண்டவர், அதற்காக 1953இல் கைதும் ஆனவர். அப்படிப் பேசிய தர்மண்டுக்கு, தன் பெற்றோர் வீட்டில் வேலை செய்த 16 வயதுக் கறுப்பினப் பெண் மூலம் ஒரு மகள் இருந்தார். தர்மண்ட் 100 வயதுவரை வாழ்ந்து 2003இல் இறந்த பிறகுதான் அந்த மகளால் வாய் திறக்க முடிந்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் இது தர்மண்டுக்கான பதில். கொரெட்டாவுக்கு இது எப்படிப் பதில் ஆகும்?

ரஸ்டின் பெயர் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கிங்கின் ஆலோசகராக இருந்தவர். 1960இல் அவரைக் கிங்கின் பக்கத்திலிருந்து வெளியேற வைத்தது எஃப்பிஐ அல்ல. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன கறுப்பினத் தலைவர் ஆடம் கிளேட்டன் பவல். கிங்குக்கும் ரஸ்டினுக்கும் உறவு என்று பொய்யாகக் கிளப்பிவிடுவேன் என்று அவர் மிரட்டினார். ரஸ்டின் விலகினார், கிங் தடுக்கவில்லை. கிங்குக்குக் கிடைத்த "அந்தரங்கம்" என்ற மரியாதை ரஸ்டினுக்குக் கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து மூத்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் உறுதியாகப் பக்கத்தில் நின்றதால்தான் அவரால் அந்தப் பேரணியை நடத்த முடிந்தது. அதே பேரணியில், தலைவர்களின் மனைவிகள் கணவர்களோடு சேர்ந்து நடக்க அனுமதி இல்லை. கொரெட்டாவுக்கும் இல்லை.

அடுத்தது, "குடும்பம், ஒழுக்கம் என்று பேசினாலே அது கறுப்பின மக்களை அடிக்கத்தான் பயன்படும்" என்கிற மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. 1965இல் அமெரிக்க அரசின் மோய்னிஹன் அறிக்கை கறுப்பினக் குடும்ப அமைப்பையே சிக்கலின் மையமாக வைத்தது. அதன்பிறகு வேலை இல்லை, வீடு இல்லை என்று யார் கேட்டாலும், முதலில் உங்கள் வீட்டைச் சரிசெய்யுங்கள் என்று சொல்வது பலருக்கு எளிதாகிவிட்டது. 2008 தந்தையர் தினத்தன்று ஒபாமா சிகாகோ தேவாலயத்தில் பொறுப்பில்லாத அப்பாக்களைப் பற்றிப் பேசியபோது, தன் மக்களையே மேலிருந்து கண்டிக்கிறார் என்று சிலர் கொதித்ததும் அதனால்தான். கிங்கோடு வேலை செய்த ஜெஸ்ஸி ஜாக்சனும் கொதித்தார். அவருடைய கதை வேறு. 1998இல், மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தின்போது, அதிபர் கிளிண்டன் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லப் போன அதே காலத்தில் அவருக்கே திருமணத்துக்கு வெளியே உறவு இருந்தது, ஒரு குழந்தையும் பிறந்தது. 2001இல் விஷயம் வெளியே வந்தபோது, பொறுப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அதை மதிக்கிறேன். ஆனால் கவனியுங்கள், நான் எந்த மக்களையும் கண்டிக்கவில்லை. தலைவர்களிடம் மட்டும் கேட்கிறேன்.

கடைசி மறுப்புதான் ஞாயிற்றுக்கிழமை என்னை அழவைத்தது. "கொரெட்டாவே குறை சொன்னதில்லையே, உனக்கு என்னம்மா?"

ஆமாம், சொன்னதில்லை. அந்த ஒலிநாடாவில் ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை என்றுதான் சொன்னார். எங்கள் அம்மாவும் குறை சொன்னதில்லை.

எங்கள் அப்பா மில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். பலருக்கு அவரைத் தெரியும். நல்லவர், கை சுத்தம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் நான் டைபாய்டில் கிடந்த பதினெட்டு நாளில் அவர் வீட்டில் தங்கியது இரண்டே இரவு. வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் பசியோடு வந்தவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில்தான் சோறு. அந்த அரிசிக்கு அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது, திரும்பி வரவே இல்லை. காதுத் துளையில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். அப்பா இறந்தபோது நினைவேந்தல் கூட்டத்தில் ஒன்பது பேர் பேசினார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் அம்மாவைக் குறிப்பிட்டார்: "குறையே சொல்லாத துணைவியார்." அம்மா அப்போது பின்பக்கம் டீ கிளாஸ் எண்ணிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

அப்பா மீது பழி சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கிங் செய்ததும் அப்பா செய்ததும் ஒன்றா என்றும் கேட்காதீர்கள், ஒன்றில்லை. குறை சொல்லாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்றுதான் சொல்கிறேன். கொரெட்டா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள எஃப்பிஐ தலைவர் ஹூவர் காத்திருந்தார். நாலு குழந்தைகள். அந்த மௌனத்தை எடுத்துக் கணவருக்கு நற்சான்றிதழாக எழுதிக்கொள்ள நமக்கு என்ன உரிமை?

அவர் பேசத் தெரியாதவரும் இல்லை. பாஸ்டனில் முறையாக இசை படித்தவர். 1953இல் நடந்த திருமணத்திலேயே, கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்ற வரியை உறுதிமொழியிலிருந்து எடுக்கச் சொன்னவர். 1965இலேயே வியட்நாம் போருக்கு எதிரான மேடைகளில் பேசியவர். கிங் அந்தப் போரை எதிர்த்து ரிவர்சைடு தேவாலயத்தில் அந்தப் புகழ்பெற்ற உரையை ஆற்றியது 1967 ஏப்ரலில். நோபல் பரிசுப் பணம் முழுவதையும் கிங் இயக்கத்துக்குக் கொடுத்தார், நாமெல்லாம் கை தட்டுகிறோம். குழந்தைகள் படிப்புக்குக் கொஞ்சம் எடுத்துவைக்கலாம் என்று கொரெட்டா கேட்டிருந்தார். கிங் இறந்தபோது உயில்கூட இல்லை. குடும்பத்துக்குக் கைகொடுத்தவர்களில் முக்கியமானவர் பாடகர் ஹாரி பெலஃபான்டே.

கிங்கே ஒளிக்கவில்லை, தோழர். சுடப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால், 1968 மார்ச் 3 அன்று, எபனேசர் தேவாலயத்தில், நான் புனிதன் என்று நினைத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள், நானும் ஒரு பாவிதான் என்று சபையிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லிவிட்டார். அதே வார்த்தையை நான் கேள்வியாகக் கேட்டால் என் புத்தி கெட்ட புத்தியா?

ஏப்ரல் 4 அன்று அவரைச் சுட்டார்கள். ஏப்ரல் 8 அன்று, இறுதிச் சடங்குக்கு முதல் நாள், கொரெட்டா மூன்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மெம்பிஸுக்குப் போய், துப்புரவுத் தொழிலாளர்களுக்காகக் கிங் நடத்தவிருந்த ஊர்வலத்தில் முன்னால் நடந்தார். கிங்கின் பிறந்தநாளுக்குத் தேசிய விடுமுறை கேட்டு 15 வருடம் அலைந்தார், 1983இல் சட்டம் ஆனது. 2006 ஜனவரி 30 அன்று இறந்தார். வீட்டில் குண்டு வெடித்து அன்றைக்குச் சரியாக ஐம்பது வருடம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கொரெட்டாவைப் பற்றி மட்டும் பேச எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவருக்கு முழங்கால் மடக்க முடியாது, முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். டீயை இந்த முறை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.